பழ ஈத் தலையில் டிம், பெர் ஏற்ற இறக்கம் சப்பென்று வருகிறது: எங்கே தவறு?

செக்காலைப் பெண் (காரைக்குடி)

வணக்கம். எம்.எஸ்சி. திட்டப்பணிக்காகப் பழ ஈயின் தலையில், அதன் உடல் கடிகாரத்தை ஓட்டும் பீரியட் (பெர்), டைம்லெஸ் (டிம்) ஜீன்களின் எம்ஆர்என்ஏ (ஜீனிலிருந்து எடுக்கப்படும் ஆர்என்ஏ படி) அளவை ஒரு நாளில் ஆறு வேளை அளக்கிறேன். செய்முறை இதுதான்:

ஈக்கள் கேன்டன்-எஸ் (வழக்கமான ஆய்வக வகை), வயது 3 முதல் 5 நாள், ஆணும் பெண்ணும் கலந்து. இன்குபேட்டர் 25 டிகிரி, 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு. காலை 6 மணிக்கு விளக்கு எரியும். அதுதான் இசட்டி 0; விளக்கு எரிந்ததிலிருந்து எத்தனை மணி நேரம் என்பதே இசட்டி. விளக்கை இயக்குவது திருகு டயல் உள்ள பிளக் டைமர். இசட்டி 2, 6, 10, 14, 18, 22-இல் தலா ஒரு குப்பி எடுக்கிறேன். இருட்டு வேளைகளில் சிவப்பு செலோஃபேன் சுற்றிய டார்ச். குப்பியை அப்படியே மைனஸ் 20-இல் வைத்து, மறுநாள் ஐஸ் மேல் கொட்டித் தூரிகையால் 25 தலைகளைப் பிரிக்கிறேன். டிரைசாலில் ஆர்என்ஏ பிரித்து, அதில் 1 மைக்ரோகிராமை ஒலிகோ-டிடி என்ற பிரைமர் (தொடக்கத் துண்டு) கொண்டு சிடிஎன்ஏவாக (டிஎன்ஏ நகலாக) மாற்றி, கியூ-பிசிஆரில் அளக்கிறேன். ஒப்பீட்டு ஜீன் (அளவு மாறாது என்று கொள்வது) ஆர்பிஎல்32.

மூன்று வாரங்களில் மூன்று செட் எடுத்துச் சராசரி போட்டேன். டிம் இசட்டி 14-இல் உச்சம் தொட்டு, காலையில் உள்ளதைப்போல் பல மடங்கு இருக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். எனக்கு உச்சம் இசட்டி 18-இல் வருகிறது, அதுவும் 2 மடங்குதான். பெர் அதைவிட மோசம். முழு இருட்டில் மூன்றாம் நாள் எடுத்த செட்டில் கோடு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

இன்னொரு அடிப்படைச் சந்தேகமும் உண்டு. பெர் புரதம் தன் ஜீனையே அடக்குகிறது என்றால், அளவு ஏதோ ஓர் இடத்தில் நிலைத்து நிற்க வேண்டியதுதானே? ஏன் ஏறி இறங்குகிறது?

ஆத்தங்குடிக்கல்

பிசிஆரைத் தொடும் முன் இரண்டு கேள்வி. மூன்று செட்டையும் தனித்தனியாகக் கோடு போட்டுப் பார்த்தீர்களா? நீங்கள் ஒரு குப்பியை எடுக்கும்போது மற்றக் குப்பிகள் எங்கே இருக்கின்றன?

முதல் கேள்விக்குக் காரணம் அந்த டயல் டைமர். உள்ளே சின்ன மோட்டார்தான் சுழல்கிறது. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டு மணி நேரம் மின்தடை என்றால், மறுநாளிலிருந்து உங்கள் விளக்கு 6 மணிக்கு அல்ல, 8 மணிக்கு எரியும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்தும் நாளைச் சொல்லவே வேண்டாம். ஈ உங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, விளக்கைப் பார்க்கிறது. நீங்கள் இரவு 8 மணிக்கு இசட்டி 14 என்று எழுதிய குப்பி உண்மையில் இசட்டி 12. அதனால் உச்சம் உங்கள் தாளில் பிந்தித் தெரியும். ஒவ்வொரு வாரமும் டைமர் வேறு வேறு அளவு பின்தங்கியிருந்தால், சராசரி போட்டவுடன் மூன்று மலையும் சேர்ந்து ஒரு மேடாகிவிடும்.

இரண்டாவது இதைவிடப் பெரியது. எல்லாக் குப்பிகளும் ஒரே தட்டில் இருந்து, இசட்டி 14-க்குக் கதவைத் திறந்து டார்ச் அடித்தால், எடுத்த குப்பிக்கு ஒன்றும் ஆகாது. அது உடனே உறையப்போகிறது. உள்ளே காத்திருக்கும் 18, 22 குப்பிகள்தான் கெடும். கிரிப்டோக்ரோம் நீல ஒளியையும் புற ஊதாவையும் வாங்கும் புரதம். வெளிச்சம் பட்டதும் அது டிம் புரதத்தைப் பிடிக்கும், ஜெட்லேக் என்ற புரதம் அதற்கு அழிவு முத்திரை குத்தும், சுமார் ஒரு மணி நேரத்தில் டிம் காலி. அடக்க வேண்டிய புரதம் இல்லாததால் எம்ஆர்என்ஏ இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காது. 18-இலும் 22-இலும் அளவு உயர்ந்தே நிற்கும். உங்கள் உச்சம் இசட்டி 18-க்குத் தள்ளிப்போனதும், ஏற்ற இறக்கம் குறுகியதும் இதனாலும் இருக்கலாம்.

இசட்டி 15-இல் 10 நிமிட வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னே தள்ளும். இசட்டி 21-இல் அதே வெளிச்சம் முன்னே தள்ளும். முன்னிரவில் டிம் எம்ஆர்என்ஏ நிறைய இருப்பதால் அழிந்த புரதம் மறுபடி சேர்ந்துவிடும், வேலை தாமதமாகும், அவ்வளவே. பின்னிரவில் எம்ஆர்என்ஏ குறைந்துவிட்டதால் புரதம் திரும்ப வராது. ஈக்கு அப்போதே விடிந்த கணக்கு.

செலோஃபேனை நம்பாதீர்கள். ஒரு சுற்று தாளில் நீல ஒளி கொஞ்சம் கசியும்; செல்போன் வெளிச்சத்தில் 450 நானோமீட்டர் பக்கம் நல்ல உயரமே உண்டு, கிரிப்டோக்ரோம் விரும்புவதும் அதையேதான். 650 நானோமீட்டருக்கு மேல் உமிழும் சிவப்பு எல்இடி வாங்கி, அதையும் மங்கலாக, முதுகுக்குப் பின்னால் வைத்து வேலை செய்யுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா

அடிப்படைச் சந்தேகத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். அது புரியாமல் அளவீடு புரியாது.

மாடித் தொட்டியில் மிதவை ஸ்விட்ச் உடனுக்குடன் மோட்டாரை நிறுத்தினால் தண்ணீர் மட்டம் ஓரிடத்தில் நிற்கும். நிறுத்தச் சொல்லும் செய்தி ஆறு மணி நேரம் பிந்தி வந்தால்? தொட்டி வழியும், பிறகு போடச் சொல்லும் செய்தியும் பிந்துவதால் வற்றும். ஈயின் கடிகாரத்தில் நடப்பது இதுதான். அடக்குதல் மட்டும் கடிகாரம் ஆகாது, பிந்தி வரும் அடக்குதல்தான் கடிகாரம். அந்தப் பிந்தலை உண்டாக்க ஈ எவ்வளவு பாடுபடுகிறது பாருங்கள்.

பகலில் க்ளாக், சைக்கிள் என்ற இரண்டு புரதங்கள் இணைந்து, பெர், டிம் ஜீன்களின் முகப்பில் சிஏசிஜிடிஜி என்ற ஆறெழுத்தில், அதாவது இ-பாக்ஸில், அமர்ந்து படியெடுப்பைத் தொடங்கிவைக்கும். எம்ஆர்என்ஏ நண்பகலிலிருந்து ஏறி இசட்டி 14-ஐ ஒட்டி உச்சம் தொடும். ஆனால் புரதம் உடனே சேராது. தனியாக இருக்கும் பெர் புரதத்தை டபுள்டைம் என்ற கைனேஸ் பாஸ்பேட் ஏற்றிக் குறிவைக்கும், ஸ்லிம்ப் அதை அழிவுக்கு அனுப்பும். காப்பாற்ற டிம் வேண்டும். வெளிச்சம் இருக்கும்வரை டிம் நிற்காது. விளக்கு அணைந்த பிறகுதான் டிம் சேர்ந்து, பெர்ருடன் சோடி போட்டு, இசட்டி 18 வாக்கில் உட்கருவுக்குள் போகும். அங்கே பெர், டபுள்டைமையும் கூடவே கொண்டுபோய், க்ளாக் மேல் பாஸ்பேட் ஏற வைத்து, அதை இ-பாக்ஸிலிருந்து எழுப்பிவிடும். படியெடுப்பு நிற்கும். புரதத்தின் உச்சம் இசட்டி 20 முதல் 22. எம்ஆர்என்ஏ உச்சத்துக்கும் புரத உச்சத்துக்கும் நடுவே உள்ள அந்த ஆறு மணி நேரத்துக்கு மேலான இடைவெளிதான் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை. விடிந்ததும் டிம் அழியும், காவல் போன பெர் அடுத்த சில மணி நேரத்தில் தேயும், க்ளாக் மறுபடி அமரும்.

இந்தப் பிந்தலின் நீளத்தை மாற்றினால் நாளின் நீளமே மாறும். 1971-இல் கொனோப்காவும் பென்சரும் கண்டெடுத்த மூன்று பெர் திரிபுகளில் ஒன்றுக்கு நாள் 19 மணி, ஒன்றுக்குச் சுமார் 28 மணி, ஒன்றுக்கு நாளே கிடையாது. பெர் எம்ஆர்என்ஏ சுழல்வதையும், அந்தச் சுழற்சிக்குப் பெர் புரதமே காரணம் என்பதையும் ஹார்டின், ஹால், ராஸ்பாஷ் 1990-இல் காட்டினார்கள். ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017 நோபல் பரிசு இந்த வேலைக்குத்தான்.

உங்களுக்கு உடனே பயன்படும் ஒரு சோதனை சொல்கிறேன். க்ளாக் ஜீனுக்கு எதிர்க்கட்டம். வ்ரில் என்ற புரதம் முன்னிரவில் க்ளாக் ஜீனை அடக்கும், பிடிபி1 பிறகு வந்து தூண்டும். அதனால் க்ளாக் எம்ஆர்என்ஏ விடியற்காலையை ஒட்டி உச்சத்தில் இருக்கும். உங்களிடம் மிச்சமிருக்கும் அதே சிடிஎன்ஏவில் க்ளாக் பிரைமர் ஒன்றை ஓட்டுங்கள். டிம் ஏறும் இடத்தில் க்ளாக் இறங்கினால் ஈயின் கடிகாரம் ஓடுகிறது, நேரக் குறிப்புதான் பிசகு. இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் ஏறி இறங்குவது ஜீன் அல்ல, உங்கள் ஆர்பிஎல்32 கணக்கு. ஒரு பிளேட்டில் தீரும் விஷயம்.

முழு இருட்டுச் செட்டைப் பொறுத்தவரை, அது தவறே இல்லாமல் இருக்கலாம். தலையை அரைக்கும்போது நீங்கள் பெரும்பாலும் கண்ணை அளக்கிறீர்கள். ஒரு கூட்டுக்கண்ணில் சுமார் 750 சிறுகண்கள், ஒவ்வொன்றிலும் 8 ஒளியுணர் செல்கள். இரண்டு கண்ணுக்கும் 12,000. மூளையில் கடிகார நியூரான்கள் சுமார் 150 என்றுதான் நெடுநாளாக எண்ணிவந்தார்கள். இருட்டில் கண்ணின் கடிகாரம் இரண்டு மூன்று நாளில் மங்கிவிடும். பிடிஎஃப் என்ற நியூரோபெப்டைடு சுரக்கும் சிறு பக்க நியூரான்கள், ஒரு பக்கத்துக்கு நான்கு, தொடர்ந்து ஓடும். ஈ வேளை தவறாமல் நடமாடுவதும் அவற்றால்தான். ஆனால் அந்த எட்டு செல்களின் குரல் 12,000-க்கு நடுவே கேட்காது. இருட்டில் தலை எம்ஆர்என்ஏ வேண்டுமென்றால் முதல் நாளிலேயே எடுங்கள். பிந்திய நாட்களுக்கு நடமாட்டப் பதிவு அல்லது மூளையைப் பிரித்துப் பெர் சாயம் போடுவது.

பள்ளத்தூர் ஆச்சி

ஆத்தா, நேரத்தை அவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கவலை உன் தலைகளைப் பற்றி.

மைனஸ் 20-இல் குப்பியோடு வைத்தால் ஈ சாகவே நிமிடங்கள் ஆகும். மறுநாள் ஐஸ் மேல் கொட்டிப் பிரிக்கும்போது உருகத் தொடங்கும்; உருகிய செல்லில் ஆர்என்ஏவை அரிக்கும் நொதிகள் விடுதலை. இது எல்லா ஜீனையும் ஒரே அளவில் கெடுக்காது என்பதுதான் ஆபத்து. ஆர்பிஎல்32 எம்ஆர்என்ஏ ரொம்பக் குட்டை, பெர், டிம் நான்காயிரம் எழுத்துக்கு மேல். ஒலிகோ-டிடி வால் முனையில் ஒட்டிக்கொண்டு முன்னோக்கி எழுதும். நடுவே அறுந்திருந்தால் முன்பாதியில் உள்ள பிரைமருக்கு எதுவும் கிடைக்காது. குட்டையான ஆர்பிஎல்32 மட்டும் முழுசாக நிற்கும். பெர் மோசமாக வருகிறது என்றாயே, அதன் பிரைமர் முன்முனையில் இருக்கிறதா பார். ஆர்என்ஏ நெடுகப் பல இடங்களில் ஒட்டும் ரேண்டம் ஹெக்ஸாமருக்கு மாறு. பிரைமரைப் பின்முனைக்கு நகர்த்தினால் ஒரு எச்சரிக்கை: பெர்ரின் வால் பகுதியில் 89 எழுத்து இன்ட்ரான் (ஆர்என்ஏவிலிருந்து வெட்டி நீக்கப்படும் துண்டு) ஒன்று உண்டு, குளிரில் அதிகமாகவும் வெப்பத்தில் குறைவாகவும் வெட்டப்படும். அந்தச் சந்திப்பின் மேல் பிரைமர் உட்கார்ந்தால் நீ அளப்பது பெர்ரை அல்ல, வெட்டை.

சரியான வழி: ஈக்களை 15 மில்லி குழாயில் தட்டிப்போட்டு உடனே திரவ நைட்ரஜனில் இறக்கு. அது கிடைக்காத நாளில் நேராக மைனஸ் 80. பிரிக்கும் அன்று குழாயை நைட்ரஜனில் மறுபடி நனைத்து, வோர்டெக்ஸ் குலுக்கியில் 10 விநாடி, மறுபடி நனைத்து 10 விநாடி, மூன்று தடவை. தலை, கால், இறகு எல்லாம் பொட்டுப் பொட்டாகக் கழன்றுவிடும். முன்பே குளிர வைத்த இரண்டு பித்தளைச் சல்லடை: மேலே 710 மைக்ரான், கீழே 425 மைக்ரான். உடல் மேலே தங்கும், கால்கள் கீழே விழும், தலை நடுவில் நிற்கும். மாவு சலிக்கத் தெரிந்த கைக்கு இதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. சல்லடை கை சுடுமளவு குளிர்ந்திருக்க வேண்டும், அது ஒன்றுதான். தலைகளை நேரே டிரைசாலில் போட்டு அரைத்துவிடு, ஐஸில் எண்ணிக்கொண்டிருக்காதே. எண்ண வேண்டுமென்றால் ஈயை உறைய வைக்கும் முன்பே குழாய்க்கு 50 என்று எண்ணிப் போடு.

டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் நொதி போட்டாயா? ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (சிடிஎன்ஏ எழுதும் நொதி) சேர்க்காத குழாய் ஒன்று ஒவ்வொரு செட்டிலும் இருக்கட்டும். ஆர்பிஎல்32-இன் சிடி (பிசிஆரில் ஒளி எல்லையைத் தொடும் சுற்று எண்) ஆறு வேளையிலும் அரை சுற்றுக்கு மேல் ஆடினால் முந்தைய படிகளில் பிழை. பிசிஆரைக் குறை சொல்லாதே. பிரைமர் திறனை ஐந்து நீர்த்தல்களில் சோதி, சாய்வு மைனஸ் 3.1-க்கும் மைனஸ் 3.6-க்கும் நடுவே இருந்தால் போதும். கணக்கு இப்படி: சிடி ஆர்பிஎல்32-க்கு இரண்டு வேளையும் 18, டிம் இசட்டி 2-இல் 27.4, இசட்டி 14-இல் 24.1 என்றால் வித்தியாசம் 3.3 சுற்று, அதாவது ஏறக்குறைய 10 மடங்கு. ஒரே ஒரு சுற்று தவறினால் 10 என்பது 5 ஆகிவிடும்.

வெப்பம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயிலுக்கு மின்தடையில் இன்குபேட்டர் சீக்கிரம் சூடேறும். ஈயின் நாள் நீளம் 18-லிருந்து 29 டிகிரி வரை பெரிதாக மாறாது. அதனால் வெப்பம் பொருட்டல்ல என்று நினைத்துவிடாதே. நிலையான வெப்பம் வேறு, ஏறி இறங்கும் வெப்பம் வேறு. தினமும் ஒரே நேரத்தில் சில டிகிரி ஏறி இறங்கினால் இருட்டிலும் கடிகாரம் அதைப் பிடித்துக்கொள்ளும். டியூப் லைட்டே குப்பிக்குள் இரண்டு மூன்று டிகிரி ஏற்றும். தீனி மட்டும் போட்ட காலிக் குப்பி ஒன்றுக்குள் தெர்மாமீட்டர் முனையைச் செருகி 24 மணி நேரம் குறித்துப் பார். பழைய வளவு வீட்டின் இரண்டாம் கட்டில் உள்ள சன்னலில்லாத அறை கிடைத்தால் விட்டுவிடாதே. கனத்த சுண்ணாம்புச் சுவர் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும், வெளிச்சக் கசிவும் இல்லை.

செக்காலைப் பெண் (காரைக்குடி)

மிக்க நன்றி. செட்டுகளைப் பிரித்துப் போட்டேன். முதல் செட்டில் டிம் உச்சம் இசட்டி 14, 6 மடங்கு. இரண்டாவதில் 14-உம் 18-உம் சமம். மூன்றாவதில் 18-உம் 22-உம் சமம். மூன்றாவது செட்டுக்கு முந்தைய நாள்தான் இங்கே பராமரிப்பு மின்தடை. இன்குபேட்டருக்கு இன்வெர்ட்டர் உண்டு, விளக்குக்கு இல்லை. டைமரைச் சரிபார்த்தேன், இன்று ஐந்து மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. எல்லாக் குப்பிகளும் ஒரே தட்டில்தான் இருந்தன. பெர் பிரைமர் முன்முனையில் இருக்கிறது, ஆச்சி சொன்னது சரி. க்ளாக் பிரைமர் வர ஒரு வாரம் ஆகும்.

இரவு 8, 12, விடிகாலை 4 மணிக்கு விடுதியிலிருந்து ஆய்வகம் வருவது சிரமம். வேறு வழி உண்டா? ஒரு ஜீனின் எம்ஆர்என்ஏ சுழலவில்லை என்றால் கடிகாரம் அதைத் தொடவில்லை என்று எழுதலாமா?

ஆத்தங்குடிக்கல்

இரவில் வரவே வேண்டாம். இரண்டு பெட்டி வையுங்கள். முதல் பெட்டியில் விளக்கு காலை 6-க்கு எரியட்டும், இரண்டாவதில் மாலை 6-க்கு. காலை 8 மணிக்கு முதல் பெட்டி இசட்டி 2, இரண்டாவது இசட்டி 14. பகல் 12 மணிக்கு 6-உம் 18-உம். மாலை 4 மணிக்கு 10-உம் 22-உம். மூன்று தடவையில் ஆறு வேளை முடிந்தது. இரண்டாம் பெட்டியைத் திறக்கும் இடம் பகலிலும் கும்மிருட்டாக இருக்க வேண்டும், கதவிடுக்குக்கும் கறுப்புத் துணி. 14, 18, 22 குப்பிகளைத் தனித்தனி மூடிய டப்பாவில் வைத்து, விளக்கு அணையும் நிமிடத்தில் மூடிவிடுங்கள். ஒன்றை எடுக்கும்போது மற்றது வெளிச்சம் பார்க்காது.

விளக்குக்கு 12 வோல்ட் வெள்ளை எல்இடி பட்டை, பேட்டரியிலிருந்து நேராக. சூடும் குறைவு, மின்தடையும் தெரியாது. டைமர் உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் வகையாக இருக்கட்டும். பேட்டரி இல்லாதது மின்தடைக்குப் பின் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், அது டயலைவிட மோசம்.

தேவகோட்டை ரஸ்தா

அப்படி எழுதாதீர்கள். எம்ஆர்என்ஏ அளவு என்பது படியெடுப்பும் சிதைவும் சேர்ந்த கணக்கு. சில மணி நேரத்தில் சிதையும் எம்ஆர்என்ஏதான் படியெடுப்பின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும். ஒரு நாளுக்கு மேல் நிலைக்கும் எம்ஆர்என்ஏவின் ஜீனைக் க்ளாக் தினமும் தட்டி எழுப்பினாலும் மொத்த அளவு அசையாது. இன்ட்ரானுக்குள் பிரைமர் வைத்து வெட்டுப்படாத முன் ஆர்என்ஏவை அளந்தால் அந்தச் சுழற்சி தெரியும். அதற்கு டிஎன்ஏஸ் இரட்டிப்புக் கவனம் கேட்கும், இன்ட்ரான் பிரைமர் ஜீனோம் டிஎன்ஏவையும் பெருக்கும். எதிர்மாறாக, எம்ஆர்என்ஏ சுழன்றும் புரதம் நீண்ட ஆயுளோடு அசையாமல் இருக்கும் ஜீன்களும் உண்டு. க்ளாக்கே அப்படித்தான்: எம்ஆர்என்ஏ நன்றாகச் சுழலும், புரதத்தின் அளவு அவ்வளவு மாறாது, அதன் மேல் ஏறும் பாஸ்பேட்தான் வேளைக்கு வேளை மாறும். "இந்த வேளைகளில், தலையில், எம்ஆர்என்ஏ அளவில் சுழற்சி தெரியவில்லை" என்று மட்டும் எழுதுங்கள்.

முடிந்தால் பெர்-பூஜ்யத் திரிபையும் (வேலை செய்யும் பெர் புரதம் இல்லாத ஈ) ஒரு செட் சேருங்கள். அதில் டிம் ஏறவும் இறங்கவும் கூடாது, நடுத்தர அளவில் நிற்க வேண்டும். அங்கேயும் ஏறி இறங்கினால் அது கடிகாரம் அல்ல, வெளிச்சத்தின் நேரடி விளைவோ கைப்பிழையோதான்.

பள்ளத்தூர் ஆச்சி

ஈக்கணக்கு போட்டுக்கொள், ஆத்தா: ஆறு வேளை, மூன்று செட், குழாய்க்கு 50. மொத்தம் 900 ஈ. ஒரே வயதில் இவ்வளவு வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு பாட்டில் ஒரே நாளில் தொடங்க வேண்டும். தீனி ஒரு லிட்டருக்கு மக்காச்சோள மாவு 80 கிராம், வெல்லம் 60, ஈஸ்ட் 20, அகர் 8 போதும். புரோப்பியோனிக் அமிலம் 5 மில்லியை அடுப்பிலிருந்து இறக்கி, சூடு 60 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு ஊற்று, இல்லாவிட்டால் ஆவியாகிப் பூஞ்சை வரும்.

இரண்டாம் பெட்டி ஈக்களுக்கு இரவும் பகலும் தலைகீழாகிறது. முதல் பெட்டிக்கு மூன்று முழு நாள் பழக்கம் போதும் என்றாலும், இரண்டுக்கும் ஐந்து நாள் கொடு, இரண்டும் ஒரே வயதில் இருக்கும்படி. ஐந்தாம் நாள் இரவுவரை எந்தக் குப்பியையும் மாற்றாதே, கதவையும் திறக்காதே. ஆறாம் நாள் காலை 8 மணிக்கு முதல் சோடி.